கிருமிகொல்லிகளின் கதை – 9: ஒட்டியவை சாகவில்லை

ரிடீலும் வாக்கரும் 1903இல் வகுத்த சோதனையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கிருமிநாசினிக் கரைசலில் டைஃபாய்டுக் கிருமிகள் மிதக்கும் குழம்பைச் சேர்ப்பார்கள். இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்துப் புதிய ஊட்டக்குழம்பில் விடுவார்கள். அதில் கிருமி முளைத்தால் மருந்து தோற்றது, முளைக்காவிட்டால் வென்றது. கார்பாலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு மருந்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். 1908இல் ஹேரியட் சிக், சார்லஸ் மார்ட்டின் இருவரும் அதில் உலர்த்திய மலத்தைக் கலந்து, அழுக்கு இருக்கும் இடத்திலும் மருந்து வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள். 1953இல் அமெரிக்காவில், சிறு எஃகு உருளைகளைக் கிருமிக் குழம்பில் தோய்த்து உலர்த்திச் சோதிக்கும் முறை வந்தது. 60 உருளைகளில் குறைந்தது 59 சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

அரை நூற்றாண்டில் சோதனை இவ்வளவு கறாரானது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் யாரும் கைவைக்கவில்லை. சோதனைக்கு வந்த கிருமிகள் அத்தனையும் குழம்பில் மிதந்து வளர்ந்தவை. எஃகு உருளைமேல் இருந்தவைகூட அங்கே குடியேறிப் பெருகியவை அல்ல. சற்று முன்பு ஏற்றி உலர்த்தப்பட்டவை. குழாயின் உட்சுவரிலும் பல்லிலும் கதீட்டரிலும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலும் கிருமிகள் அப்படி வாழ்வதில்லை. அவை ஒட்டிக்கொள்கின்றன, ஒட்டிய இடத்தில் சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த கொழகொழப்பைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகப் பெருகுகின்றன. இந்தக் குடியிருப்பைத்தான் உயிரிப்படலம் என்கிறோம். மருத்துவர்கள் பேச்சில் பயோஃபிலிம். அதைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து, அதன்மேல் மருந்தை ஊற்றி, நம்பத்தக்க ஒரு தீர்ப்பை எழுத மனிதர்களுக்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதே இந்தப் பகுதி.

இவ்வளவு காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக், 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் பல்லிடுக்கில் படிந்த வெண்ணிற மாவை எடுத்துத் தன் லென்ஸின் கீழே வைத்து, அதில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்ட செய்தி அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அது எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இன்னொரு செய்தியும் அதே கடிதத்தில் இருக்கிறது. வினிகர் பட்டால் அந்த உயிர்கள் செத்துப்போவதைப் பார்த்தவர், வினிகரால் தன் பற்களையே கழுவிப் பார்த்தார். பல்லில் இருந்த படிவின் வெளிப்பக்கத்து உயிர்கள் மட்டுமே செத்தன. உள்ளே இருந்தவை பிழைத்திருந்தன. வினிகர் படிவை ஊடுருவிப் போகவில்லை என்று அவரே காரணமும் எழுதினார். ஒரே மருந்து, ஒரே கிருமி; தனியாக இருந்தபோது ஒரு முடிவு, ஒட்டியிருந்தபோது வேறொரு முடிவு. உயிரிப்படலத்தின்மேல் நடந்த முதல் மருந்துச் சோதனையாக இதைத்தான் நான் வைப்பேன்.

அந்த வரியைத் தொடர்ந்து பிடித்துச் செல்ல ஆளில்லாமல் போயிற்று. 1880களில் ராபர்ட் கோஹ் ஒரே வகைக் கிருமியைத் தனியே பிரித்து வளர்க்கும் கலையை நிறுவினார். காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளை அந்தக் கலைதான் காட்டிக்கொடுத்தது. அதைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் அதன் வெற்றியே ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. ஊட்டம் நிறைந்த குழம்பில், கலக்கிக்கொண்டே இருக்கும் குடுவையில், வேகமாகப் பெருகும் கிருமிதான் கிருமி என்று மூன்று தலைமுறை மாணவர்கள் கற்றார்கள்.

எதிர்க்குரல்கள் நீர்நிலைகளிலிருந்து வந்தன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹென்ரிசி கண்ணாடிச் சில்லுகளை ஏரியில் தொங்கவிட்டு எடுத்துப் பார்த்து, நீர்வாழ் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மிதப்பவை அல்ல, மூழ்கிய பரப்புகளில் ஒட்டி வளர்பவை என்று 1933இல் எழுதினார். கலிஃபோர்னியாவில் லா ஹோயா கடற்கரையின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் கிளாட் ஸோபெல், பாட்டிலில் பிடித்துவைத்த கடல்நீரில் கிருமிகள் பாட்டிலின் சுவரில்தான் பெருகுகின்றன என்பதை 1943இல் விளக்கினார். மெலிந்த நீரில் இருக்கும் சொற்ப உணவு பரப்புகளில்தான் சேர்கிறது. உணவு சேரும் இடத்துக்குக் கிருமியும் போகிறது. இரண்டும் நல்ல கட்டுரைகள். நீரியலாளர்கள் படித்தார்கள், மருத்துவமனைக்காரர்கள் படிக்கவில்லை.

படிக்க வைத்தவர் பில் காஸ்டர்டன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1934இல் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, பஞ்சாபின் படாலாவில் பேரிங் கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். பின்னர் கால்கரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ராக்கி மலையின் பனியோடைகளில் அவருடைய குழு கிருமிகளை எண்ணியது. ஓடும் தண்ணீரில் கிருமி சொற்பம். அதே ஓடையின் கற்களில் வழுவழுப்பாகப் படிந்திருந்ததிலோ அது பல மடங்கு. 1978 ஜனவரியில் அவரும் கீசி, செங் ஆகிய இருவரும் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், பாக்டீரியாக்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். இயற்கையில் கிருமியைச் சுற்றியிருக்கும் சர்க்கரை இழைகளின் போர்வையைச் சோதனைக்கூடக் குழம்பில் வளரும் கிருமி கைவிட்டுவிடுகிறது என்பது அதன் முக்கியமான செய்தி. போர்வையில்லாத கிருமியைத்தான் நாம் நூறாண்டாகச் சோதித்துவந்தோம் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

சொன்னால் போதுமா? ஒட்டிய கிருமியை அளக்கக் கருவி வேண்டும். அது தொழிற்சாலைகளின் பக்கத்திலிருந்து வந்தது. தொழிற்சாலைக் குழாய்களில் கொழகொழப்பு படிந்து அடைப்பதும் அரிப்பதும் பொறியாளர்களின் பழைய தலைவலி. ராபின்ஸ் என்பவர் குழாயின் சுவரில் வரிசையாகத் துளைகள் போட்டு, அவற்றில் திருகாணிகளைப் பொருத்தினார். ஒவ்வொரு திருகாணியின் முகமும் குழாயின் உட்சுவரோடு சமமாக இருக்கும். நீர் ஓடும்போது சுவரில் படிவது திருகாணி முகத்திலும் படியும். வேண்டும்போது ஒன்றைக் கழற்றி எடுத்துப் பார்க்கலாம். 1981இல் இது அச்சில் வந்தது. கால்கரியில் இதையே மேசைமேல் வைக்கத்தக்க அக்ரிலிக் கட்டையாகச் சுருக்கி, சிறிய மாதிரித் துண்டுகளைத் தாங்கும் அடைப்பான்களோடு செய்தார்கள்.

இந்த இடத்தில் கதை நோயாளிகளிடம் வருகிறது. 1982இல் காஸ்டர்டனும் மருத்துவர்கள் சிலரும் ஒரு பேஸ்மேக்கர் கம்பியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து வெளியிட்டார்கள். அந்த நோயாளியின் ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று, எவ்வளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் எடுத்த கிருமியைக் குழம்பில் சோதித்தால் அந்த மருந்துக்குச் சாகிறது. நோயாளிக்குக் கொடுத்தால் காய்ச்சல் தணிந்து மறுபடி வருகிறது. கழற்றி எடுத்த கம்பியின்மேல் கிருமிகள் தடித்த படலமாகக் குடியிருந்தன. சோதனைக்கூடம் சொன்னதும் உண்மைதான், நோயாளிக்கு நடந்ததும் உண்மைதான். சோதிக்கப்பட்டது குடியிருப்பிலிருந்து கழன்று மிதந்து வந்த கிருமி. நோய்க்கு ஊற்று கம்பியில் இருந்த குடியிருப்பு.

மூன்றாண்டு கழித்து, 1985இல், அந்த ஐயத்துக்கு எண்கள் கிடைத்தன. சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவரான கர்ட்டிஸ் நிக்கல் கால்கரியில் காஸ்டர்டனோடு வேலை செய்தார். சிறுநீர்த் தொற்று உள்ள ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த சூடோமோனாஸ் எருஜினோசா கிருமி. கதீட்டர் செய்யும் அதே பொருளில் வெட்டிய சிறு வட்டுகள். அவற்றைத் தாங்கும் ராபின்ஸ் கட்டை. கிருமி கலந்த சிறுநீரை அதன் வழியே ஓடவிட்டு, வட்டுகளில் தடித்த படலம் வளர்ந்ததும் டோப்ராமைசின் மருந்தைச் செலுத்தினார்கள். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் மருந்தில், மிதந்த கிருமிகள் 8 மணி நேரத்தில் இறந்தன. மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் மருந்தில் 12 மணி நேரம் வைத்த பின்னும் படலத்துக்குள் இருந்தவற்றில் கணிசமானவை உயிரோடு இருந்தன. டோப்ராமைசின் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடிய மருந்து; 1,000 என்பது எந்த மருத்துவரும் நோயாளியின் ரத்தத்தில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. கதீட்டரை மாற்றாமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஏன் பலனில்லை என்பதை இந்த எண்கள் விளக்கின.

ஆன்டிபயாட்டிக்கோடு இது நிற்கவில்லை. 1980இல் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் பல நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையில் சூடோமோனாஸ் செபாசியா என்ற கிருமி முளைத்தது. நோயாளிகளுக்கோ அந்த நோயின் அறிகுறி எதுவும் இல்லை. தேடிப் பார்த்ததில், ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் போவிடோன் அயோடினிலேயே கிருமி இருந்தது. கிருமியைக் கொல்லத் தயாரித்த மருந்துக்குள் கிருமி! அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வாளர்கள் பின்னர் பிவிசி குழாய்களின் உட்புறத்தில் இத்தகைய கிருமிகளைப் பல வாரம் குடியேறவிட்டு, குழாயைக் கிருமிநாசினிகளால் 7 நாள் நிரப்பிவைத்தார்கள். பிறகு அதை வடித்துவிட்டுச் சுத்த நீரை ஊற்றினார்கள். பல கிருமிநாசினிகளில் நனைந்த குழாய்களிலிருந்தும் கிருமிகள் திரும்ப வந்தன. இது 1990இல் வெளியானது. குழம்பில் சில நிமிடங்களில் கொல்லும் மருந்து, குழாயில் 7 நாளாகியும் வேலையை முடிக்கவில்லை. அந்த மருந்துப் புட்டியின் சீட்டில் அச்சிட்டிருந்த நிமிடக் கணக்கு குழம்பைப் பற்றியது என்று வாங்கியவர் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஏன் இப்படி என்பதற்குப் பல விடைகள் கிடைத்தன. சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1994இல் டிர்க் டி பீர், சீனிவாசன், ஃபிலிப் ஸ்டூவர்ட் மூவரும் ஊசிமுனை மின்வாய் ஒன்றைப் படலத்துக்குள் இறக்கி, அங்கே உண்மையில் எவ்வளவு குளோரின் போய்ச் சேருகிறது என்று அளந்தார்கள். வெளியே நீரில் இருந்ததில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை. வழியிலேயே படலத்தின் பொருளோடு வினைபுரிந்து குளோரின் தீர்ந்துவிடுகிறது. ஆன்டிபயாட்டிக் பலவும் அப்படித் தீர்வதில்லை, உள்ளே போகின்றன. ஆனால் அடியில் இருக்கும் கிருமிகள் ஆக்சிஜனும் உணவும் குறைந்து கிட்டத்தட்ட உறங்குகின்றன. பெருகும் கிருமியைத் தாக்கும் மருந்துக்கு உறங்கும் கிருமியிடம் வேலை இல்லை.

இனித்தான் இந்தப் பகுதியின் நடுப்புள்ளி. உயிரிப்படலம் மருந்தைத் தாங்குகிறது என்று காட்டுவது ஒன்று. கடையில் விற்கும் ஒரு கிருமிநாசினி உயிரிப்படலத்தைக் கொல்கிறதா என்று சோதித்து, ஊர் ஊராகப் பல கூடங்களில் அதே விடை கிடைக்கச் செய்வது முற்றிலும் வேறொன்று. மிதக்கும் கிருமியைச் சோதிப்பவருக்கு இல்லாத தொல்லைகள் இங்கே வரிசையாக நிற்கின்றன.

முதலில் படலத்தை வளர்க்க வேண்டும். மெலிதாக வளர்ந்தால் மருந்து எளிதில் கொல்லும். பிறகு மருந்தைச் சரியான நிமிடத்தில் நிறுத்த வேண்டும். கோஹின் காலத்திலேயே இந்தச் சிக்கல் வந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம்: பாதரசக் குளோரைடு கொன்றுவிட்டதாக அவர் கருதிய ஆந்த்ராக்ஸ் வித்துகள், மிஞ்சிய பாதரசத்தை ரசாயனத்தால் முறித்ததும் முளைத்ததை 1889இல் கெப்பர்ட் காட்டினார். படலம் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் இங்கே அந்த ஆபத்து இரட்டிப்பு. அடுத்து, ஒட்டியிருப்பவற்றைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பெயராமல் விட்டவை எண்ணிக்கையில் வராது, செத்ததாகக் கணக்காகும். கொத்தாகப் பெயர்ந்து வந்தால் ஆயிரம் கிருமி சேர்ந்து பெட்ரி தட்டில் ஒரே புள்ளியாக முளைத்து ஒன்று என்றே எண்ணப்படும். முரட்டுத்தனமாகப் பெயர்த்தால் பெயர்க்கும் வேலையிலேயே கிருமி சாகும். அந்தச் சாவும் மருந்தின் கணக்கில் ஏறும்.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மெலிந்த படலம், முறிக்கப்படாத மருந்து, பெயராத கிருமி, பிரியாத கொத்து, பெயர்க்கும்போது நேரும் சாவு: கவனக்குறைவு எந்தப் பக்கம் நேர்ந்தாலும் அது மருந்துக்கே சாதகமாக முடியும். கவனமில்லாத கூடத்தில் எல்லா மருந்தும் நல்ல மருந்துதான். எனவே, இந்தச் சோதனையை வகுத்தவர்களின் கறாரை வெறும் சடங்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் போட்ட ஒவ்வொரு விதியும் இந்த வாசல்களில் ஒன்றை அடைக்கிறது.

எளிய வழிகளும் இருக்கத்தான் செய்தன. பிளாஸ்டிக் குழித்தட்டில் கிருமியை வளர்த்து, கழுவி, ஊதாச் சாயம் ஏற்றி, நிறத்தின் அடர்த்தியை அளப்பது. 1985இல் கிறிஸ்டன்சனும் சகாக்களும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளுக்காகச் செய்தது. எந்தக் கிருமி நன்றாக ஒட்டும் என்று அறிய அது இன்றும் பயன்படும் நல்ல முறை. மருந்தைச் சோதிக்க மட்டும் அது உதவாது. அந்தச் சாயம் உயிருள்ளதிலும் ஏறும், செத்ததிலும் ஏறும், கொழகொழப்பிலும் ஏறும்.

1999இல் கால்கரியிலிருந்தே ஒரு பெரிய முன்னேற்றம் வந்தது. ஹோவர்ட் செரி, மெர்ல் ஓல்சன் முதலியோர் செய்த அந்தக் கருவிக்குக் கால்கரி உயிரிப்படலக் கருவி என்றே பெயர். எல்லா மருத்துவக் கூடங்களிலும் இருக்கும் 96 குழித்தட்டின் அளவிலேயே ஒரு மூடி. மூடியின் அடிப்பக்கத்தில் 96 முளைகள். கிருமிக் குழம்பின்மேல் மூடியைக் கவிழ்த்து ஆட்டிக்கொண்டிருந்தால் முளைகளில் படலம் வளரும். பிறகு மூடியைத் தூக்கி, வெவ்வேறு அளவில் மருந்து நிரப்பிய தட்டில் இறக்குவார்கள். அதன் பின் கழுவி, மீட்பு நீர்மத்தில் வைத்து, மீயொலியால் உதிர்த்து எண்ணுவார்கள். 96 முளைகளிலும் படலம் ஒரே அளவில்தான் வளர்கிறதா என்பதை முதலில் நிறுவிவிட்டுத்தான் மருந்துக்குப் போனார்கள் என்பது எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த விஷயம். விடை எதிர்பார்த்ததுபோலவே வந்தது: மிதக்கும் கிருமிக்குத் தேவைப்படுவதைவிட 100 முதல் 1,000 மடங்கு மருந்து படலத்துக்கு அடிக்கடி தேவைப்பட்டது. படலத்தை அடியோடு ஒழிக்கத் தேவையான மிகக் குறைந்த அளவு என்ற புதிய எண் மருந்தியலில் நுழைந்தது.

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிக்கு மருந்து தேர்ந்தெடுத்தால் நல்லது நடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலுக்குள் சூடோமோனாஸ் ஆண்டுக்கணக்கில் படலமாக வாழும். அந்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய சோதனைப்படியும் மற்றதற்குப் படலச் சோதனைப்படியும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2011இலும் 2015இலும் வெளிவந்தன. இரு பிரிவுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. காத்திருந்த குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. பிளாஸ்டிக் முளையில் ஒரே நாளில் வளர்ந்த படலம், சளிக்குள் பல ஆண்டு வாழ்ந்த படலத்துக்குப் பதிலாளாக நிற்க முடியவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கிருமிநாசினிகளின் சோதனையில் அதே முளைமூடி உறுதியான இடம் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு 2011இல் அதை ஏற்றது.

கதையின் கடைசிக் களம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற மலையூர். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990இல் பில் கராக்லிஸ் என்ற பொறியாளர் உயிரிப்படலங்களுக்கென்றே ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அவர் இறந்துபோனார். 1993இல் காஸ்டர்டன் கால்கரியை விட்டு வந்து அதன் இயக்குநரானார். இந்த மையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் காஸ்டர்டனோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சோதனை என்று வரும்போது அங்கே முன்னால் நிற்க வேண்டியவர்கள் மார்ட்டி ஹாமில்டன் என்ற புள்ளியியலாளரும் டார்லா கோரஸ் என்ற ஆய்வாளரும்.

ஹாமில்டன் கேட்ட கேள்விகள் எளியவை. இன்று செய்த சோதனையை அதே ஆள் நாளை செய்தால் அதே விடை வருமா? வேறொரு ஊரில் வேறொருவர் செய்தால்? அறை வெப்பநிலை கொஞ்சம் கூடினால், உணவு சிறிது குறைந்தால், கலக்கியின் வேகம் சற்று மாறினால் முடிவு எவ்வளவு ஆடும்? மருந்தை வலுவாக்கினால் சோதனை அதைக் காட்டுகிறதா, அல்லது எல்லா மருந்துக்கும் ஒரே பாட்டைப் பாடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் வேண்டுமென்றே நிலைமைகளை மாற்றி மாற்றிப் பரிசோதித்து எண்ணால் பதில் எழுதினார்கள். உயிரிப்படலத்துக்கென்று ஏஎஸ்டிஎம் ஏற்ற முதல் முறை, சுழலும் வட்டில் படலம் வளர்ப்பது, 2002இல் இங்கிருந்துதான் வந்தது. மெல்லச் சொட்டும் நீரில் வளர்க்கும் முறை 2008இல் வந்தது.

இரண்டுக்கும் நடுவில், 2007இல், தரமுறையானது சிடிசி வினைகலம். பெயரே சொல்வதுபோல இது அட்லான்டாவில் சிடிசியில் ராட்னி டோன்லன் குழுவின் கையில் பிறந்தது. ரத்தக்குழாய்க் கதீட்டர்களின் இணைப்புகளில் படியும் படலத்தைப் படிக்கப் போய் உருவானது. ஒரு லிட்டர் கண்ணாடிக் கலம். அதன் மூடியிலிருந்து 8 தண்டுகள் தொங்கும். ஒவ்வொரு தண்டிலும் 3 சில்லுகள், ஆக 24. சில்லின் விட்டம் 12.7 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. கூடத்தில் இதைக் கூப்பன் என்பார்கள். நடுவில் காந்தத்தால் சுழலும் துடுப்பு நிமிடத்துக்கு 125 சுற்று சுற்றும். சூடோமோனாஸை விட்டு 24 மணி நேரம் அப்படியே வளர்ப்பார்கள். அடுத்த 24 மணி நேரம் மெலிந்த உணவு நீர் உள்ளே வந்துகொண்டும் வெளியே போய்க்கொண்டும் இருக்கும். கலத்தின் நீர் அரை மணிக்கு ஒருமுறை முழுதும் மாறும் வேகம் அது. மிதப்பவை அடித்துச் செல்லப்படும், ஒட்டியவை மட்டுமே தங்கும். உராய்ந்து ஓடும் நீரில் பிடிவாதமாக வளர்ந்த படலம் இப்படித்தான் கிடைக்கிறது.

பிறகு சோதனை. இதற்கான தனிக்குழாய் முறை 2012இல் தரமானது. ஒவ்வொரு சில்லும் ஒரு 50 மில்லிலிட்டர் குழாயில் தனியே விழும். 4 மில்லிலிட்டர் கிருமிநாசினி ஊற்றப்படும். குறித்த நிமிடம் ஆனதும் அதே குழாயிலேயே 36 மில்லிலிட்டர் நடுநிலையாக்கி சேரும். சில்லை எடுத்து வேறு குழாய்க்கு மாற்றுவதில்லை என்பதால் வழியில் கிருமி எதுவும் தவறிப்போகாது. அடுத்து அதிரக் குலுக்கல், மீயொலி, மறுபடி குலுக்கல், மறுபடி மீயொலி, கடைசியாக ஒரு குலுக்கல். ஒவ்வொன்றும் 30 விநாடி. மேலே சொன்ன வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடுவதை இங்கே பார்க்கலாம். நடுநிலையாக்கி தன் வேலையைச் செய்கிறதா, அதுவே கிருமிக்குக் கெடுதல் செய்கிறதா என்பதும் தனியாகச் சோதிக்கப்படும்.

2007இல் போஸ்மன் குழு செய்த இன்னோர் ஆய்வை இந்தப் பகுதியிலேயே முக்கியமானதாகக் கருதுகிறேன். அதே கிருமிநாசினிகளை, அசையாத நீரில் வளர்ந்த படலம், மெல்லச் சொட்டும் நீரில் வளர்ந்த படலம், வேகமாகச் சுழலும் நீரில் வளர்ந்த படலம் ஆகியவற்றின்மேல் சோதித்தார்கள். அசையாத நீரில் வளர்ந்தது எளிதில் செத்தது. சுழலும் நீரில் வளர்ந்தது அதிகம் தாங்கியது. கிருமி ஒன்றே, மருந்தும் ஒன்றே. வளர்ந்த விதம்தான் தீர்ப்பை மாற்றியது. எனவே, ஒரு மருந்து உயிரிப்படலத்தைக் கொல்லும் என்று யாராவது சொன்னால், எப்படி வளர்ந்த படலத்தை என்று கேட்காமல் அந்தச் சொல்லை ஏற்கக் கூடாது. விற்பவர்கள் எளிதான படலத்தைத் தேர்ந்துகொள்ளத் தடையில்லாத வரை அந்த வாசகம் விளம்பரம் மட்டுமே.

அந்தத் தடை 2017 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் கிருமிநாசினிகள் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகின்றன. அதைக் கையாள்வது இபிஏ என்ற சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கடினமான, உறிஞ்சாத பரப்புகளில் உயிரிப்படலத்தைக் கொல்லும் என்று சீட்டில் எழுத விரும்பும் நிறுவனம் என்ன காட்ட வேண்டும் என்று அந்த முகமை அறிவித்தது. சிடிசி வினைகலத்தில் வளர்த்த படலம், தனிக்குழாய் முறை; கிருமிகள் இரண்டு, சூடோமோனாஸ் எருஜினோசாவும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும். மருந்து படாத சில்லில் சூடோமோனாஸ் 8.0 முதல் 9.5 லாக் வரை, அதாவது 10 கோடியிலிருந்து 300 கோடிக்குச் சற்று மேல் வரை இருக்க வேண்டும், ஸ்டஃபைலோகாக்கஸ் 7.5 முதல் 9.0 லாக் வரை. அதற்குக் குறைந்தால் படலம் மெலிந்தது என்று பொருள், சோதனையே செல்லாது. மருந்து பட்ட சில்லில் எண்ணிக்கை குறைந்தது 6 லாக் இறங்க வேண்டும். 10 கோடி இருந்த இடத்தில் 100க்கு மேல் மிஞ்சக் கூடாது.

வினிகர்க் கடிதத்திலிருந்து இந்த அறிவிப்பு வரை 334 ஆண்டுகள். காஸ்டர்டன் இதைப் பார்க்க இல்லை, 2012இல் காலமானார்.

அவர் மறைந்த அதே ஆண்டில் சிட்னியிலிருந்து வந்த ஒரு செய்தி, அடுத்த வேலை எங்கே காத்திருக்கிறது என்று காட்டியது. மெக்குவாரி பல்கலைக்கழகத்தின் கேரன் விக்கரியும் சகாக்களும், ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவை முழுமையாகச் சுத்தம் செய்து முடித்த பிறகு, அங்கிருந்த பொருள்களின் துண்டுகளை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கையில் தொட்டால் உலர்ந்திருந்த பரப்புகளில் உயிரிப்படலம் இருந்தது. பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் அதற்குள் உயிரோடு இருந்தன. இதுவரை நாம் பார்த்த கருவிகள் எல்லாம் ஓடும் நீரிலோ சொட்டும் நீரிலோ வளர்ப்பவை. தண்ணீரே இல்லாத படலத்தைக் கூடத்தில் வளர்ப்பது எப்படி? விக்கரியின் குழு சிடிசி வினைகலத்தையே எடுத்து, 12 நாள் ஈரமும் உலர்வும் மாறி மாறித் தந்து ஸ்டஃபைலோகாக்கஸை வளர்த்தது. பிறகு அதன்மேல் 20,000 பிபிஎம் வரை சோடியம் ஹைப்போகுளோரைட்டைச் செலுத்தியது. உடனே எண்ணியபோது கிருமி ஒழிந்ததுபோலத் தெரிந்தது. அதே சில்லுகளை நாள் கணக்கில் ஊட்டநீரில் வைத்தபோது மறுபடி முளைத்தது. எண்ணுவதற்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்ற இந்தப் புதிய வழக்கை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.